நாற்பத்திரண்டு வயதில் ஒரு பியூரெட்

1

கனடாவில் நிரந்தரவாச அட்டையை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். போன வாரம் அந்த விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். நாங்கள் இங்கே வந்து ஒன்பது வருடம் முடிந்ததும் அதே வாரம்தான். எங்கே குடியிருந்தீர்கள், எங்கே வேலை பார்த்தீர்கள், எத்தனை நாள் நாட்டுக்கு வெளியே இருந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே போகிற தாள் அது. வேலை என்ற கட்டத்தில் ‘உருளைக்கிழங்கு ஆலைத் தொழிலாளி’ என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில், இந்தக் கோடையிலிருந்து, ‘ஆய்வக உதவியாளர், அதே ஆலை’ என்று எழுதினேன். எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு காபி போட்டுக் குடித்தேன். அப்புறம்தான் மீதிக் கட்டங்களை நிரப்ப முடிந்தது.

ஊரில் இருப்பவர்கள் படிக்கத்தான் இதை எழுதுகிறேன். பெருமை அடித்துக்கொள்வதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்பது வருடத்தில் எனக்கு அதற்கு அதிகம் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

2

நான் பனமரத்துப்பட்டிப் பக்கம். பள்ளிக்கூடத்தில் தமிழ்வழி. சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்தேன். கல்யாணம், குழந்தை, அப்புறம் கனடா. கணவர் நாமக்கல்லில் லாரி ஓட்டியவர், இங்கேயும் லாரிதான். ஆல்பர்ட்டாவின் தெற்கே, காற்று ஓயாமல் அடிக்கிற ஒரு சிறு நகரத்தில் குடியிருக்கிறோம். சுற்றிலும் உருளைக்கிழங்கு வயல்கள். அதை வறுவலாக்கும் ஆலையில் ஓடும் பட்டைக்கு முன்னால் நின்று பச்சை விழுந்த கிழங்கையும் கரும்புள்ளிக் கிழங்கையும் பொறுக்கி எடுப்பது என் வேலை. வெள்ளை ரப்பர் காலணி, தலைக்கு வலை, காதுக்குப் பஞ்சு.

பட்டையின் கடைசியில் கண்ணாடிச் சுவர் போட்ட ஓர் அறை இருந்தது. அது ஆய்வகம். உள்ளே இருவர் எதையோ கலக்குவதும் எழுதுவதும் தெரியும். நாலு வருடம் அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கிழங்கு பொறுக்கினேன். ஒருநாள் அறிவிப்புப் பலகையில், ஆய்வக உதவியாளர் தேவை, கல்லூரி முதலாண்டு வேதியியலும் செய்முறைப் பயிற்சியும் வேண்டும் என்று ஒட்டியிருந்தார்கள்.

என்னிடம் மூன்று வருடப் பட்டமே இருக்கிறது என்று அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். நல்லது, அதை மதிப்பீடு செய்து வாங்கி வா என்றார்கள். மதிப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்பினேன். பட்டம் சரி என்றும், ஆனால் செய்முறை வகுப்பு மொத்தம் எத்தனை மணி நேரம் என்று மதிப்பெண் பட்டியலில் இல்லை என்றும் பதில் வந்தது. கல்லூரியிலிருந்து கடிதம் வேண்டுமாம். அப்பாவிடம் சொன்னேன். அறுபத்தெட்டு வயதில் அவர் பஸ் ஏறிச் சேலம் போனார்.

“மூணு நாளு போயிட்டு வந்துட்டேன் சாமி” என்றார் தொலைபேசியில். “மொத நாளு ஆபீசரு லீவுன்னாங்க. ரெண்டா நாளு பீரோ சாவி இல்லீன்னாங்க. மூணா நாளு அந்தம்மா கேக்கறாங்க, ‘எத்தன மணி நேரம்னு எதுக்குங்க கேக்கறாங்க? உங்க பொண்ணுதான் பாஸ் பண்ணிட்டாங்கல்ல?’ன்னு. நானும் அதையேதானுங்க கேக்கறேன்னு சொன்னேன்.”

நாலாவது நாள் கடிதம் கிடைத்துவிட்டது. வட்ட முத்திரை, பச்சை மைக் கையெழுத்து, எல்லாம் இருந்தது. ‘செய்முறை வகுப்புகள் பாடத்திட்டத்தில் கண்டுள்ளபடி முறையாக நடத்தப்பட்டன’ என்று எழுதியிருந்தது. மதிப்பீட்டு அலுவலகம் இரண்டு வரியில் பதில் போட்டது: மணிக்கணக்கு குறிப்பிடப்படவில்லை. ஏற்க இயலாது.

அப்பாவிடம் மறுபடியும் போகச் சொல்ல மனம் வரவில்லை. நாங்கள் குடியிருக்கும் நகரத்துக் கல்லூரியில் மாலை வகுப்பாக முதலாண்டு வேதியியல் சொல்லித் தருகிறார்கள். ஆலை மேலாளரிடம் கேட்டேன். அந்தப் பருவம் முடியும்வரை இடத்தை நிறுத்தி வைப்பதாகவும், செய்முறைத் தேர்வில் தேறி வந்தால் எனக்குத்தான் என்றும் சொன்னார். கணவரிடம் சொன்னபோது அவர் வண்டியில் இருந்தார்.

“இத்தன வருசமும் அந்தக் கண்ணாடியப் பத்தியேதான பேசற” என்றார். “போய்ச் சேந்துக்க புள்ள.”

3

முதல் புதன்கிழமை மாலை. இருபது பேர். எல்லோரும் பள்ளியை முடித்துவிட்டு நேராக வந்த பிள்ளைகள். என் மேசைக்கு ஜோடியாக வந்தவள் ஹன்னா, பக்கத்துப் பண்ணையொன்றில் வளர்ந்த பெண், பதினெட்டு வயது. சொல்லிக்கொடுப்பவர் டயான். ஐம்பது வயது இருக்கும், தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். நான் ‘மேடம்’ என்றேன். “என் பெயர் டயான்” என்றார். பன்னிரண்டு வாரமும் என்னால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியவில்லை. பக்கத்தில் போய் நிற்பேன், அவராகத் திரும்பிப் பார்ப்பார்.

திரவத்தை அளந்து உறிஞ்சும் கண்ணாடிக் குழாயான பிப்பெட்டைக் கையில் எடுத்ததும் என் வாய் தானாக அதன் மேல்நுனிக்குப் போய்விட்டது. சேலத்தில் நாங்கள் வாயால்தான் உறிஞ்சினோம். ஒருமுறை சோடா காரம் நாக்கில் பட்டுச் சோப்பைக் கடித்ததுபோல் வழவழத்தது இன்னும் நினைவிருக்கிறது. டயான் ஓடி வரவில்லை, கத்தவும் இல்லை. ஒரு ரப்பர் குமிழைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். அதை அமுக்கி, செருகி, திரவம் கோட்டுக்கு மேலே ஏறியதும் கழற்றிவிட்டு ஆள்காட்டி விரலால் மூட வேண்டும். ஐஸ் தண்ணீரில் கிழங்கு பொறுக்கி மரத்துப்போன விரல். திரவம் வழிந்துகொண்டே இருந்தது. ஹன்னா மூன்றாவது தடவையிலேயே பிடித்துவிட்டாள். எனக்கு இரண்டு வாரம் ஆனது.

எனக்குத் தெரிந்த பெயர்களும் உதவவில்லை. ஹன்னாவிடம் ‘ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்’ எடுத்து வரச் சொன்னேன். நம் ஊரில் கழுத்து நீண்ட அளவுக் குடுவைக்கு அதுதான் பெயர். இங்கே அதற்கு வேறு பெயர். இங்கே ஸ்டாண்டர்டு என்றால் வலிமை தெரிந்த திட்டக் கரைசல், அது ஊற்றி வைத்திருந்த குடுவையை ஹன்னா தூக்கி வந்தாள். நான் அதைக் கொட்டிவிட்டுக் கழுவினேன். வகுப்புக்கே வைத்திருந்த கரைசல் அது.

இன்னொரு நாள் டயானிடம் போய் ஆங்கிலத்தில், “எனக்கு ஒரு டவுட்” என்றேன். அவர் முகம் மாறியது. “எதை நம்பவில்லை?” என்று கேட்டார். நான் சந்தேகம் கேட்க வந்தேன், அவர் நான் அவரைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொண்டார். இங்கே ‘கேள்வி’ என்றுதான் சொல்ல வேண்டுமாம். அன்றிலிருந்து அந்தச் சொல்லைப் பல்லுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

நான் குள்ளம். காரத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கும் நீளக் கண்ணாடிக் குழாய் பியூரெட். அதன் மேல் கோட்டைப் பார்க்க ஸ்டூலைத் தேடினேன். சேலத்தில் அப்படித்தான் ஏறி நின்று பார்ப்பேன். “நீ ஏறாதே, அதை இறக்கு” என்றார் டயான். தாங்கியின் திருகைத் தளர்த்தி பியூரெட்டை என் கண்ணுக்கு நேராக இறக்கிக் காட்டினார். மூன்று வருடம் படித்த எனக்கு அது தோன்றவே இல்லை.

கோட்டைப் படிப்பதிலும் வித்தியாசம் இருந்தது. நாங்கள் 24.6 என்று நிறுத்திவிடுவோம். இங்கே இரண்டு கோடுகளுக்கு நடுவில் திரவத்தின் வளைவு எங்கே நிற்கிறது என்று மதிப்பிட்டு இன்னோர் இலக்கமும் எழுத வேண்டும். அது கண்ணின் பொறுப்பு, யாரிடமும் கேட்க முடியாது.

அங்கேதான் எனக்குச் சிக்கல். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சேலத்துக் கல்லூரியில் மூன்று வருடமும் நான் அளந்த எண்ணை அப்படியே எழுதியதில்லை. முதலில் ஒரு துண்டுத் தாளில் குறிப்பேன். பிறகு பக்கத்து மேசையில், “உனக்கு எவ்ளோ வந்துச்சு?” என்று கேட்பேன். அவள் 24.6 என்றால் என் 25.1-உம் 24.6 ஆகும். அதற்கப்புறம்தான் ரெக்கார்டு நோட்டில் அழகான கையெழுத்தில் ஏறும். எல்லோரும் அப்படித்தான் செய்தோம். அது பொய் என்றே யாருக்கும் தோன்றவில்லை, அடக்கம் என்று நினைத்தோம்.

இங்கேயும் பழக்கதோஷத்தில் கை துடைக்கும் காகிதத்தில் குறித்தேன். டயான் பார்த்துவிட்டார்.

“இது என்ன?”

“ரஃப்.”

“இங்கே ரஃப் கிடையாது. நோட்டு ஒன்றுதான்.”

அந்த ஈரக் காகிதத்தை வாங்கி, என் நோட்டிலேயே நாடா போட்டு ஒட்டினார். பேனாவால் எழுத வேண்டும். தப்பானால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. என் நோட்டின் முதல் பத்துப் பக்கம் முழுக்க ஒற்றைக் கோடுகள்.

4

வீட்டில் சமையல் மேடையில் பயிற்சி எடுத்தேன். பழைய பிப்பெட் ஒன்றை டயான் கொடுத்திருந்தார், நுனி லேசாக உடைந்தது. பாத்திரத்தில் தண்ணீர் வைத்து உறிஞ்சுவதும் விடுவதுமாக நின்றேன். என் மகள் யாழினி, பதினேழு வயது, பள்ளியில் கடைசி வருடம். எட்டு வயதில் இங்கே வந்தவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அபூர்வமாகத்தான் தமிழ் வரும். அன்று வந்தது.

“அம்மா, நீ இன்னும் தண்ணி அடிக்கிறியா?”

லாரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த என் கணவர் சோபாவில் விழுந்து சிரித்தார். அவளுக்குக் காரணம் புரியவில்லை. விளக்கிச் சொன்னதும் முகம் சிவந்து அறைக்குள் போய்விட்டாள். அதற்குப்பின் ஒரு வாரம் தமிழே பேசவில்லை. நாங்கள் சிரித்திருக்கக் கூடாது.

தாத்தாவோடு பேசுவதையும் அவள் குறைத்திருந்தாள். சனிக்கிழமை மாலை நான் அழைப்பேன், அவருக்கு அப்போது ஞாயிறு காலை. போனை நீட்டினால் கையை ஆட்டி மறுப்பாள். “அவர் பேசுறது வேற தமிழ்” என்பாள். ‘ஊடு’ என்றால் என்ன, ‘வாரேன்’ என்றால் வருகிறேனா, போகிறேனா என்றெல்லாம் ஒரு காலத்தில் கேட்டவள், கேட்பதையே விட்டுவிட்டாள். அப்பா ஒவ்வொரு முறையும், “சாமி என்ன பண்ணுது?” என்று பேத்தியை விசாரிப்பார். “படிக்குது அப்பா” என்பேன்.

நான் படிப்பதிலும் அவளுக்குச் சங்கடம் இருந்தது. அதே கல்லூரிக்கு அடுத்த வருடம் அவளும் போகக்கூடும். நடைபாதையில் அம்மா புத்தகப்பையோடு எதிரே வந்தால் என்ன செய்வது என்று தோழியிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

5

பன்னிரண்டாவது வாரம் செய்முறைத் தேர்வு. ஒரு பெரிய ஜாடியில் அமிலம். அதன் வலிமையைக் காண வேண்டும். எல்லோருக்கும் ஒரே அமிலம், ஒரே காரம். காரப் பாட்டிலில் வலிமை எழுதி ஒட்டியிருந்தது. நிறங்காட்டியான பினால்ப்தலின் இரண்டு சொட்டு விட்டு, குடுவையைச் சுழற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாகக் காரத்தை இறக்க வேண்டும். வெள்ளைத் தாளுக்கு மேல் பிடித்தால் மட்டும் தெரிகிற இளஞ்சிவப்பு வந்து, அது போகாமல் நின்றால் முடிவு. தமிழ்ப் புத்தகத்தில் இதற்குத் ‘தரம் பார்த்தல்’ என்று பெயர். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும்.

நான் கடைசி மேசை. என் முறை வந்தபோது முதல் காரப் பாட்டில் காலி. அலமாரியில் அதே லேபிளோடு, ஏற்கெனவே திறந்த இன்னொன்று இருந்தது. அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். முதல் குடுவை 22.36-ல் சிவந்தது. இரண்டாவது 22.38. மூன்றாவது 22.35. என் வாழ்நாளில் மூன்று அளவீடும் இவ்வளவு ஒட்டி வந்ததில்லை. நிமிர்ந்தபோது ஹன்னாவின் நோட்டு கண்ணில் பட்டது. 24.6 என்று தொடங்கியது. அவளுக்கு முன்னால் இருந்தவனுக்கும் 24.6.

சரியான விடைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறோமோ அவ்வளவு மதிப்பெண். இரண்டு மில்லிக்கு மேல் தள்ளிப்போனால் பூஜ்யம்தான். பூஜ்யம் என்றால் ஆலையில் அந்த இடம் வேறு யாருக்கோ. என் நோட்டில் இன்னும் கணக்குப் பகுதி காலியாக இருந்தது. மூன்று எண்ணையும் கோடு போட்டு அடித்துக் கையெழுத்து வைத்துவிட்டு, கீழே 24.61, 24.58, 24.60 என்று எழுதினால் யாருக்குத் தெரியும்? செய்யத் தெரியாத வேலையும் இல்லை. மூன்று வருடம் செய்த வேலை.

பேனாவைப் பிடித்தபடி குடுவைகளைப் பார்த்தேன். மூன்றும் ஒரே நிறத்தில் நின்றன. என் கை தப்பு செய்யவில்லை என்று எனக்குத் தெரிந்தது. இது சாதாரணமாகச் சொல்லக்கூடிய வாக்கியம் இல்லை. பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் என்னால் இதைச் சொல்லியிருக்க முடியாது. கை தப்பு செய்யவில்லை என்றால் காரம் எழுதியிருப்பதைவிட வலிமையாக இருக்க வேண்டும்.

டயானிடம் போனேன்.

“எனக்கு ஒரு டவுட்” என்றேன். இந்த முறை அந்தச் சொல்தான் பொருத்தம்.

“எதன் மேல்?”

“அந்த இரண்டாவது பாட்டில். ஓர் அமில உப்பைத் துல்லியமாக எடைபோட்டுக் கரைத்து, அதை வைத்து இந்தக் காரத்தின் வலிமையைச் சோதித்துப் பார்க்க அனுமதி வேண்டும். கால் மணி நேரம் போதும்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “தேர்வில் அதற்கு அனுமதி இல்லை. நீ பார்த்ததை எழுதிக் கொடு.”

எழுதினேன். மூன்று எண்கள். அதன்படி கணக்கிட்டால் வருகிற விடை. கீழே இரண்டு வரி: காரம் இரண்டாவது பாட்டிலிலிருந்து எடுத்தேன். அதன் வலிமை லேபிளில் உள்ளதைவிட அதிகம் என்று நினைக்கிறேன், சோதிக்கவில்லை. நோட்டைக் கொடுத்துவிட்டு வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து காரைக் கிளப்பினேன்.

வீட்டில் யாழினி தேர்வைப் பற்றிக் கேட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

“24.6-னே எழுதியிருக்கலாம்ல?” என்றாள் ஆங்கிலத்தில். “எல்லாரும் அதைத்தான் செய்வாங்க.”

“எனக்கு 22.36 வந்துச்சு.”

“வேலை போயிடுமே அம்மா.”

“போகும்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா பயம் இருந்ததா என்று தெரியவில்லை. நீ முட்டாள் என்று மட்டும் சொல்லவில்லை. அன்று பாத்திரங்களை அவளே கழுவினாள்.

6

அடுத்த புதன்கிழமை டயான் வகுப்பு முன்னால் நின்று சொன்னார். இரண்டாவது பாட்டில் வேறொரு நாள் தயாரித்தது, சோதிக்காமலேயே லேபிள் ஒட்டப்பட்டுவிட்டது, பத்தில் ஒரு பங்கு வலிமை அதிகம். தப்பு எங்களுடையது. அந்தப் பாட்டிலிலிருந்து எடுத்தவர்களின் விடையைச் சரியான வலிமைப்படி திரும்பக் கணக்கிட்டிருக்கிறேன் என்றார்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் நோட்டைத் திறந்து காட்டினார். என் மூன்று எண்களுக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் புதுக் கணக்கு. வகுப்பிலேயே சரியான விடைக்கு மிகப் பக்கத்தில் இருந்தது என்னுடையதுதான்.

“அந்தப் பாட்டிலிலிருந்து மூன்று பேர் எடுத்திருக்கிறீர்கள்” என்றார். “மற்ற இருவரும் 24.6 என்று எழுதியிருக்கிறார்கள்.”

அந்த இருவர் யார் என்று அவர் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருடம் நான் அவர்களாக இருந்திருக்கிறேன்.

சனிக்கிழமை மாலை அப்பாவை அழைத்தேன். நான் தொடங்குவதற்குள் யாழினி வந்து போனை வாங்கிக்கொண்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளாக வாங்கியது.

“தாத்தா” என்றாள். சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். “அம்மா நம்பர் கரெக்ட். பாட்டில்தான் தப்பு.”

“என்ன சாமி சொல்ற?”

“அம்மா நம்பர் கரெக்ட், தாத்தா” என்று மறுபடியும் சொல்லிவிட்டு, போனை என்னிடம் தந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

நான் முழுவதும் சொன்னேன். அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி விவசாயி. ஜவ்வரிசிக்கும் மாவுக்கும் போகிற கிழங்கு. சேகோ ஆலையில் கிழங்கைத் தண்ணீருக்குள் எடைபோட்டு மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று சொல்வார்கள். அவர்கள் சொல்வதுதான் எண்.

“ஒரு தடவ எனக்குச் சந்தேகமாப் போச்சு” என்றார். “அவ்ளோ கம்மியா வர்ற கெழங்கில்ல அது. இன்னொருக்கா எட போட்டுப் பாருங்கன்னு சொன்னேன். வேணும்னா ஏத்திட்டுப் போங்கன்னுட்டாங்க. லாரி நிக்குது, ஏத்துக்கூலி யாரு தர்றது? வந்துட்டேன்.” அப்புறம் என்னைக் கேட்டார். “நீ சொன்னதுக்கு அந்தம்மா திருப்பி அளந்து பாத்தாங்களா?”

“பாத்தாங்க அப்பா.”

“நீயி அந்த ஆலையில என்ன வேல பாப்ப?”

“அதே வேலைதான் அப்பா. விவசாயிங்க கொண்டுவர்ற உருளைக்கிழங்கைத் தண்ணியில எடை போட்டு, சத்து எவ்வளவுன்னு எழுதறது.”

“திருப்பிப் போடுன்னா போடுவியா?”

“போடுவேன்.”

“அப்பச் செரி” என்றார். “அந்தம்மாவக் கேட்டேன்னு சொல்லு சாமி.”

7

நோட்டைத் திரும்ப வாங்கப் போன அன்று டயானிடம் சொன்னேன். அப்பாவின் வாக்கியத்தை அப்படியே ஆங்கிலத்தில். “என் அப்பா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்” என்றேன்.

டயான் கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்தார். “என்ன கேட்டார்?”

நம் ஊரில் அந்த வார்த்தையில் கேள்வி எதுவும் கிடையாது. நலம் விசாரிப்பது, மரியாதை, அவ்வளவுதான். அதை எப்படி விளக்குவது என்று யோசித்தேன். யோசித்தபோது, அப்பா உண்மையிலேயே ஒன்று கேட்டார் என்பது நினைவுக்கு வந்தது.

“அந்தப் பாட்டிலை நீங்கள் திருப்பி அளந்து பார்த்தீர்களா என்று கேட்டார்.”

டயான் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலதிகாரிக்குப் பதில் சொல்வதுபோல நிமிர்ந்து நின்றார்.

“மூன்று தடவை அளந்தேன் என்று சொல்” என்றார்.

சொன்னேன்.